செயின் ஸ்டோர் குவில்ட் காட்டன்: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

குவில்ட் என்றால் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை. அதற்கு ஊரூராகக் கிளை வைத்திருக்கும் செயின் ஸ்டோர் துணி என்றாலே மட்டம், குவில்ட்டுக்கென்றே இருக்கும் தனிக் கடையில் வாங்கினால்தான் தரம் என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. அச்சுத் துணி உருவாகும் விதத்தைப் பார்த்தால் மீதிப் பாதி புரியும். முதலில் வெறும் காடாத் துணி நெய்யப்படுகிறது. அதை வெளுத்து, மேலே டிசைன் அச்சிட்டு, கடைசியில் கஞ்சியோ வேறு ஃபினிஷோ கொடுத்து, மடித்து அட்டையில் சுற்றுகிறார்கள். டிசைன் வேறு, அடித்துணி வேறு. ஒரே டிசைனைக் கனமான காடாவிலும் அடிக்கலாம், சன்னமான காடாவிலும் அடிக்கலாம். ஒரே கடையின் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு தான்கள்கூட வெவ்வேறு அடித்துணியாக இருக்கலாம். ஆகவே கடைப் பெயரை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு தானையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

சட்டைக்குத் துணி எடுப்பதற்கும் குவில்ட்டுக்கு எடுப்பதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சட்டை முழுக்க ஒரே துணி. சுருங்கினால் மொத்தமாகச் சுருங்கும். குவில்ட்டில் இருபது முப்பது துணிகள் தையலில் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. ஒன்று மட்டும் சன்னமாக இருந்தால் அதுதான் முதலில் கிழியும். ஒன்று மட்டும் அதிகம் சுருங்கினால் பக்கத்துத் துண்டையும் இழுத்துச் சுளிக்க வைக்கும். ஒன்று சாயம் விட்டால் எல்லாம் கறை. அதனால் ‘இந்தத் துணி நல்லதா?’ என்று தனியாகக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. ‘கூடச் சேரப்போகும் துணிகளுக்கு இது ஈடாகுமா?’ என்று கேட்க வேண்டும். கீழே வரும் சோதனைகள் எல்லாம் அதற்குத்தான்.

பெரிதாக எந்தக் கருவியும் வேண்டாம். சந்தேகப்படும் துணியில் அரை மீட்டர், ஒரு ஸ்கேல், சமையலறைத் தராசு, பழைய வெள்ளைக் காட்டன் துண்டு, இழை எண்ண ஒரு பிக் கிளாஸ் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி). பிக் கிளாஸ் இல்லாவிட்டால் கைபேசிக் கேமராவே போதும். மொத்தமாக ஆறு மீட்டர் வெட்டச் சொல்வதற்கு முன்பு இந்த அரை மீட்டரை வாங்கிப் போய்ச் சோதித்துவிட்டு வருவதுதான் என் வழக்கம். தள்ளுபடி நாளில் இதற்குப் பொறுமை இருக்காது, தெரியும்.

கடையில் மொடமொடவென்று இருந்தது, துவைத்ததும் துவண்டுவிட்டது

செயின் ஸ்டோர் துணியில் அடிக்கடி வரும் புகார் இதுதான். இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, சன்னமான அடித்துணிக்குக் கஞ்சியை அள்ளிப் போட்டிருப்பார்கள். இன்னொன்று, கனமான உருளைகளுக்கு நடுவே துணியை அழுத்தி ஓட்டியிருப்பார்கள். அப்படி அழுத்தும்போது நூல் தட்டையாகி இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அடைபடும். துணி நெருக்கமாக நெய்த மாதிரி தெரியும், லேசான பளபளப்பும் வரும். தண்ணீர் பட்டதும் நூல் பழையபடி உருண்டு நிமிர்ந்துவிடும். அடைபட்டிருந்த இடைவெளி திரும்பத் திறந்துகொள்ளும்.

கடையிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. தானின் ஒரு மூலையை இரண்டு கைக்கும் நடுவே வைத்து, துணி துவைக்கிற மாதிரி நன்றாகக் கசக்குங்கள். அப்புறம் அந்த மூலையையும் கசங்காத இடத்தையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். கசக்கிய இடம் மட்டும் தொளதொளவென்று ஆகியிருந்தால் நீங்கள் இதுவரை தொட்டது துணியை அல்ல, கஞ்சியை. கறுப்பு, கருநீலம் போன்ற துணிகளில் கசக்கிய இடத்தில் வெள்ளையாக மாவு படிவதும் உண்டு. நல்ல துணி கசக்கினால் கசங்கும், ஆனால் கைக்குள் அதன் கனம் குறையாது.

கஞ்சி இருப்பது குற்றம் அல்ல. வெட்டும்போதும் தைக்கும்போதும் துணி நழுவாமல் இருக்க நாமே கஞ்சி போடுகிறோமே. கஞ்சி போன பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அதனால் அடுத்து வரும் இழை, எடை, தையல் சோதனைகளை ஒருமுறை துவைத்துக் காயவைத்த துணியில் செய்யுங்கள்.

வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது

வெள்ளை, வெளிர் நிறத் துணிகளில்தான் இது அதிகம் உறுத்தும். முன்பக்கம் வெள்ளைத் துண்டு, அதன் அடியில் சிவப்புத் துண்டின் தையல் விளிம்பு மடிந்து கிடந்தால், ஒரு ரோஸ் கோடு மேலே தெரியும். துணிக்கு அடியில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். தோலின் நிறம் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. விரல்களின் விளிம்பே பளிச்சென்று தெரிந்தால் சன்னம் என்று அர்த்தம்.

கண்ணுக்குப் பட்டது சரியா என்று உறுதி செய்ய இரண்டு அளவுகள் வேண்டும்: இழை எண்ணிக்கை, எடை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

இழை எண்ண, துணிமேல் ஸ்கேலை வைத்து அரை இஞ்ச்சுக்குள் எத்தனை நூல் ஓடுகிறது என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பாவு வாக்கில் (நீளவாக்கு நூல்) ஒருமுறை, ஊடை வாக்கில் (குறுக்கு நூல்) ஒருமுறை. கைபேசியில் நெருக்கமாகப் படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணினால் கண் வலிக்காது. நல்ல குவில்ட் காட்டன் பெரும்பாலும் இரண்டு வாக்கிலும் இஞ்ச்சுக்கு 60-லிருந்து 75 வரை இருக்கும். இரண்டு எண்ணும் கிட்டத்தட்டச் சமமாகவும் இருக்கும். பாவு 68, ஊடை 50 என்று வந்தால் உஷாராகிவிடுங்கள். தறியில் ஊடை இழையைக் குறைத்தால் அதே நேரத்தில் அதிக மீட்டர் நெய்துவிடலாம். செலவை மிச்சப்படுத்த நினைப்பவர் முதலில் கைவைக்கும் இடம் அதுதான். அப்படிப்பட்ட துணி ஒரு பக்கம் இழுத்தால் உறுதியாகவும் இன்னொரு பக்கம் இழுத்தால் தொளதொளவென்றும் இருக்கும்.

இழை எண்ணிக்கை கூடினால் துணி நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 20-ஆம் நம்பர் நூலில் 60-க்கு 60 நெய்த துணி சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 145 கிராம் வரும். 30-ஆம் நம்பர் நூலில் 68-க்கு 68 நெய்தால் இழை கூடுதல்தான், ஆனால் எடை 115 கிராமைத் தாண்டாது. நூல் நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும் என்பதுதான் காரணம். இரண்டாவது துணி மட்டம் என்று சொல்லவில்லை. சட்டைக்கு அருமையாக இருக்கும். முதல் துணியோடு ஒரே பிளாக்கில் (துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் ஒரு கட்டத்தில்) தைத்தால்தான் பிரச்சினை.

எடை பார்ப்பது சுலபம். துவைத்துக் காய்ந்த துணியில் 25 செ.மீ.க்கு 25 செ.மீ. சதுரம் நான்கு வெட்டி, நான்கையும் சேர்த்துத் தராசில் வையுங்கள். வரும் கிராமை நான்கால் பெருக்கினால் சதுர மீட்டர் எடை. நான்கும் சேர்ந்து 36 கிராம் வந்தால் 144. குவில்ட் காட்டன் என்று விற்பவை பெரும்பாலும் 130-க்கும் 170-க்கும் நடுவே நிற்கும். 110-ஐ ஒட்டி வந்தால் அதைக் குவில்ட்டின் உடலில் போடாதீர்கள். அடிக்கடி துவைக்காத சுவர் அலங்காரத்துக்கோ, மேலே ஒட்டித் தைக்கும் அப்ளிக் வேலைக்கோ வைத்துக்கொள்ளலாம். டிசைன் அவ்வளவு பிடித்துவிட்டது, விட மனசில்லை என்றால் பின்னால் சன்னமான ஒட்டுக் கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டுப் பயன்படுத்தலாம்.

வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரிகிறது, தையலில் வாய் பிளக்கிறது

குவில்ட் தையல் விளிம்பு வெறும் கால் இஞ்ச்தான். அதில் இரண்டு மூன்று இழை பிரிந்து போனாலே தையலுக்குப் பிடிமானம் குறைந்துவிடும். இரண்டு துண்டுகளை வழக்கம்போல் கால் இஞ்ச்சில் தைத்து, தையலுக்கு இருபுறமும் கட்டைவிரலை வைத்து வெளிப்பக்கமாக இழுத்துப் பாருங்கள். தையல் நூல் மட்டும் தெரிந்தால் சரி. தையலை ஒட்டித் துணியின் இழைகளே விலகி ஏணிப்படி மாதிரி இடைவெளி விட்டால், நெசவு தளர்ச்சி.

தையலைக் குறை சொல்வதற்கு முன் ஊசியைப் பாருங்கள். மழுங்கிய ஊசி நல்ல துணியைக்கூடக் கிழிக்கும். 80/12 அளவில் புது ஊசி போட்டும் அதே கதை என்றால்தான் துணியின் கோளாறு. தற்காலிக வைத்தியமாகத் தையல் நீளத்தைக் குறைத்து, வெட்டுவதற்கு முன்பே கஞ்சி ஸ்ப்ரே அடிக்கலாம். விளிம்பை மூன்றில் ஒரு பங்கு இஞ்ச்சாகக் கூட்டலாம் என்றும் சிலர் செய்வார்கள். ஆனால் அப்புறம் மற்ற பிளாக்கோடு அளவு சேராது, தலைவலி.

துவைத்தால் ஒரு துண்டு மட்டும் சுருங்கிச் சுளிக்கிறது

குவில்ட் காட்டன் முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம். முன்கூட்டியே சுருக்கித் தரும் முறையை சான்ஃபோர்ட் கிளூயட் 1930 வாக்கில் கண்டுபிடித்தார். ‘சான்ஃபரைஸ்டு’ என்று சட்டைத் துணியில் முத்திரை பார்த்திருப்பீர்கள். அந்த முறையில் போன துணி 1 சதவீதம்கூடச் சுருங்காது. குவில்ட் அச்சுத் துணிகளுக்கு அந்த முத்திரை வழக்கமில்லை.

இன்னும் துவைக்காத அரை மீட்டர் துணியில் அழியாத பேனாவால் 25 செ.மீ. சதுரம் வரையுங்கள். கடைசியில் குவில்ட்டை எப்படித் துவைப்பீர்களோ அதே சூட்டில் துவைத்து, அதே மாதிரி காயவைத்து அளந்து பாருங்கள். 24.25 வந்தால் 3 சதவீதம், 23.75 வந்தால் 5 சதவீதம். பாவு வாக்கில் கொஞ்சம் கூடுதலாகவே சுருங்கும், காரணம் தறியிலும் அச்சிடும் மெஷினிலும் துணியை நீளவாக்கில்தான் இழுத்துப் பிடிக்கிறார்கள்.

எல்லாத் துணியும் 4 சதவீதம் சுருங்கினால் துவைக்காமலே தைக்கலாம். முடிந்த குவில்ட்டில் அந்தச் சுருக்கம் அழகாகவே இருக்கும், பலர் அதற்காகவே துவைக்காமல் தைக்கிறார்கள். ஒன்று 2, இன்னொன்று 6 என்று வந்தால் எல்லாவற்றையும் துவைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஜெல்லி ரோல், சார்ம் பேக் மாதிரி முன்பே வெட்டி வரும் துண்டுகளுக்கு இந்த வசதி இல்லை. இரண்டரை இஞ்ச் பட்டையை மெஷினில் போட்டால் நூல் உருண்டைதான் திரும்பி வரும். அதனால் வெட்டித் தரும் பாக்கெட்டை வாங்கினால் அதே பாக்கெட்டுக்குள்ளேயே குவில்ட்டை முடித்துக்கொள்வது நல்லது.

கட்டம் கோணலாகப் போகிறது, மடித்தால் ஓரம் சேரவில்லை

துணியின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு போட்டுக் குறுக்கே கிழியுங்கள். கிழிந்த கோடு ஊடை இழையோடு நேராகப் போகும். இப்போது இரண்டு கரையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மடியுங்கள். கிழிந்த ஓரங்கள் சேர்ந்து நின்றால் நெசவு நேர். ஒன்று மேலே ஒன்று கீழே என்று இரண்டு இஞ்ச் தள்ளி நின்றால், ஃபினிஷ் கொடுக்கும்போது துணி கோணலாக இழுபட்டிருக்கிறது.

வெறும் கோணல் என்றால் திருத்தலாம். ஈரப்படுத்தி, குறைவாக இருக்கும் மூலையையும் அதற்கு எதிர் மூலையையும் இரண்டு பேர் பிடித்துக் கிராஸ் வாக்கில் இழுத்து இஸ்திரி போட்டால் பெரும்பாலும் நேராகும். ஆனால் கோணலாக இருக்கும்போதே அச்சடித்துவிட்டார்கள் என்றால் கதை வேறு. நெசவை நேராக்கினால் டிசைன் கோணும், டிசைனை நேராக்கினால் நெசவு கோணும். பூ, கொடி, தூவல் டிசைன் என்றால் யாருக்கும் தெரியாது. கட்டம், கோடு டிசைன் என்றால் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

விரலில் சாயம் ஒட்டுகிறது. தண்ணீரில் சாயம் இறங்குகிறது

இரண்டும் ஒரே கோளாறு மாதிரி தோன்றும். இல்லை.

பிக்மென்ட் அச்சில் நிறம் ஒரு பசையோடு துணியின் மேல் உட்கார்ந்திருக்கும். தண்ணீரில் கரையாது, ஆனால் தேய்த்தால் உதிரும். தொட்டால் அச்சு இருக்கும் இடம் மட்டும் லேசாக விறைப்பாக இருக்கும். திருப்பினால் பின்பக்கம் மிகவும் வெளிறித் தெரியும். நாள் போகப் போக மடிப்புகளிலும் தையல் மேடுகளிலும்தான் முதலில் வெளுக்கும். தானின் நடு மடிப்பை விரித்துப் பாருங்கள். அங்கே ஒரு வெளிறிய கோடு ஓடினால் அதைத் துவைத்தெல்லாம் சரிசெய்ய முடியாது.

ரியாக்டிவ் சாயம் நூலோடு ரசாயனமாகவே பிணைந்துகொள்ளும். அது நல்லது. ஆனால் அச்சிட்டு முடித்தபின் பிணையாமல் தங்கிய மிச்சச் சாயத்தை நன்றாக அலசி வெளியேற்ற வேண்டும். தண்ணீருக்கும் நேரத்துக்கும் கணக்குப் பார்த்து அலசலைக் குறைத்தால் அந்த மிச்சம் உங்கள் வாளியில் வந்து இறங்கும். சிவப்பு, கருநீலம், கறுப்பு, டர்க்காய்ஸ் இந்த நான்கிலும் கூடுதல் கவனம் வேண்டும்.

தேய்ப்புச் சோதனைக்கு ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் 105 வரிசையில் ஒரு முறையே இருக்கிறது. வெள்ளைத் துணியால் பத்து முறை முன்னும் பின்னுமாகத் தேய்த்து, ஒட்டிய கறைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுப்பார்கள். 5 என்றால் ஒட்டவே இல்லை. வீட்டில் விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றி முதலில் உலர்ந்தபடி பத்து முறை, அப்புறம் வேறு இடத்தில் ஈரத்துணியால் பத்து முறை தேய்த்தால் போதும். அடர்நிறங்களில் ஈரத் தேய்ப்பில் கொஞ்சம் ஒட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம். உலர்ந்த தேய்ப்பிலேயே வெள்ளைத் துணி நிறம் மாறினால் வேண்டாம்.

சாயம் இறங்குகிறதா என்று பார்க்க, கண்ணாடி டம்ளரில் சுடுதண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், அதில் ஒரு சின்னத் துண்டு. அரை மணி நேரம் கழித்து வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்துத் தண்ணீரைப் பாருங்கள். நிறம் வந்திருந்தால், துணியை எடுத்து ஈரத்தோடு வெள்ளைக் காட்டன்மேல் வைத்துக் காயவிடுங்கள். தண்ணீர் கலங்கியது, ஆனால் வெள்ளையில் கறை இல்லை என்றால் இரண்டு மூன்று சூடான அலசலில் சரியாகிவிடும். வெள்ளையிலும் அச்சு விழுந்தால் அதை வெளிர்நிறத் துணிக்குப் பக்கத்தில் தைக்காதீர்கள்.

உப்பு, வினிகர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். சாயம் போடும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. அது சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலை நோக்கித் தள்ளும். அப்புறம் காரம் (அல்கலி) சேர்த்தால்தான் பிணைப்பு நடக்கும். சாயம் போட்டு முடிந்த துணியை வீட்டில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் எதுவும் பிணையாது. வினிகர் அமிலம். கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் சாயங்களுக்குத்தான் அமிலம் உதவும், காட்டனுக்கு அல்ல. மிச்சச் சாயத்தைப் பிடித்து வைக்க முயல்வதைவிட வெளியேற்றுவதுதான் வழி. அதற்குச் சூடும் சோப்பும் நிறையத் தண்ணீரும் வேண்டும்.

இஸ்திரி போட்டும் மடிப்பு நிற்கவில்லை, காட்டன்தானா?

தையல் விளிம்பை இருபுறமும் விரித்து இஸ்திரியால் அழுத்தினால் காட்டன் அடங்கிப் படுத்துக்கொள்ளும். பாலியஸ்டர் கலந்தது எழுந்து எழுந்து நிற்கும். கையால் கசக்கி விட்டால் காட்டன் கசங்கியபடியே இருக்கும், டெரிகாட்டன் நிமிர்ந்துவிடும். ஆனால் சுருக்கம் விழாத ஃபினிஷ் கொடுத்த அசல் காட்டனும் இப்படி நடிக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பதும் புதுத் துணியில் ஏமாற்றும், ஃபினிஷ் தண்ணீரைத் தடுக்கலாம்.

எரித்துப் பார்ப்பதுதான் தெளிவு. துவைத்த துணியிலிருந்து பாவு நூல் நாலைந்து, ஊடை நூல் நாலைந்து தனித்தனியாக உருவுங்கள். சில துணிகளில் ஒரு வாக்கில் மட்டும் கலப்பு நூல் இருக்கும், அதனால்தான் தனித்தனி. எவர்சில்வர் சிங்க்கின் மேல், இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, நெருப்பைப் பக்கவாட்டில் மெதுவாகக் கொண்டுவாருங்கள். காட்டன் நெருப்பைக் கண்டு சுருங்காமல் அப்படியே பற்றிக்கொள்ளும். மஞ்சள் சுடர், எரிந்த காகித வாசனை. சுடரை ஊதி அணைத்த பிறகும் நுனியில் கங்கு ஊர்ந்துகொண்டிருக்கும். சாம்பல் மெத்தென்று, தொட்டால் தூளாகும். பாலியஸ்டர் நெருப்பு கிட்டே வருவதற்கு முன்பே சுருண்டு பின்வாங்கும், உருகிச் சொட்டும், கரும்புகை விடும். ஆறினால் நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு மணி மிஞ்சும். கலப்பாக இருந்தால் காகித வாசனையும் வரும், சாம்பலுக்குள் நெருடுகிற கெட்டித் துகளும் இருக்கும். ரேயான் மட்டும் காட்டன் மாதிரியே எரிந்து குழப்பும். ஆனால் ரேயான் நனைந்தால் பலம் குறையும், காட்டன் குறையாது. ஈர நூலை இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மேலே பஞ்சு உருண்டை, வெள்ளைப் புள்ளி, மெஷினுக்குள் குவியும் தூசு

குட்டை இழைப் பஞ்சில் நூற்ற நூல் இது. இழையின் நுனிகள் நூலுக்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், உரச உரசச் சுருண்டு உருண்டையாகும். முற்றாத பஞ்சு கலந்திருந்தால் அந்த இழைகள் சாயத்தை ஏற்காமல், அடர்நிறத் துணியில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் நகத்தால் நீவி எடுத்துவிட்டுப் போகலாம். உள்ளங்கை அளவு இடத்தில் ஏழெட்டு இருந்தால் வேறு தான் பாருங்கள்.

பெயர் போட்ட துணிதானா, பெயருக்குத் துணியா?

அசல் என்ற பேச்சில் மூன்று சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. துணி காட்டன்தானா என்பதை மேலே பார்த்தோம். அந்த நிறுவனமோ டிசைனரோ உண்மையிலேயே வெளியிட்டதுதானா என்பது இரண்டாவது. பாட்டிக், தறிக்கட்டம் என்று சொல்லி விற்பது அந்த முறையில் செய்ததுதானா என்பது மூன்றாவது.

இரண்டாவதற்குக் கரைதான் சாட்சி. அச்சுத் துணியின் கரையில் நிறுவனப் பெயர், டிசைனர் பெயர், வரிசையின் பெயர், உரிமைக் குறி, பக்கத்தில் நிறத்துக்கு ஒன்றாக வட்டப் புள்ளிகள் என்று இருக்கும். கார்ட்டூன் பாத்திரங்கள் உள்ள துணியில் உரிமையாளர் பெயர் இல்லாமல் இருந்தால் அது அனுமதி இல்லாத அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் (அச்சிடும் சல்லடை) என்பதால், புள்ளிகளில் இல்லாத நிறம் டிசைனில் எப்படி வந்தது என்று யோசிக்கலாம். ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பிறந்த கலவை நிறமா, இல்லை டிஜிட்டலில் அடித்ததா என்று. டிஜிட்டல் அச்சு என்பதாலேயே போலி ஆகிவிடாது, பெரிய நிறுவனங்களும் அப்படி வெளியிடுகின்றன. ஸ்கேன் செய்து அடித்த போலியைக் காட்டிக்கொடுப்பது கோடுகள். மெல்லிய கோட்டின் ஓரம் மசமசவென்று இருக்கும், சின்ன எழுத்துகள் ஊறிப்போயிருக்கும், கரை வெறுமையாக இருக்கும்.

டிசைன் திரும்ப வரும் நீளத்தையும் அளக்கலாம். உருளை ஸ்கிரீனின் சுற்றளவு பரவலாக 64 செ.மீ. எனவே ஸ்கிரீனில் அடித்த டிசைன் நீளவாக்கில் 64 செ.மீ.க்கோ அதைச் சமமாகப் பங்கிட்ட 32, 16 போன்ற அளவுக்கோ ஒருமுறை திரும்பும். ஃபினிஷில் இழுபட்டும் சுருங்கியும் கொஞ்சம் முன்பின் ஆகும். நிறுவனம் வெளியிட்ட படத்தில் உள்ள அளவோடு உங்கள் துணியில் பூவின் அளவு பொருந்தவில்லை என்றால் சந்தேகப்பட இடமுண்டு.

சரி, கரையில் பெயர் இருக்கிறது, டிசைனும் பொருந்துகிறது, ஆனால் தனிக் கடையில் வாங்கிய அதே நிறுவனத் துணியைவிடச் சன்னமாக இருக்கிறது. இதைப் போலி என்று சொல்லக் கூடாது. செயின் ஸ்டோருக்கென்றே தனி வரிசை தயாரித்துக் கொடுப்பது இந்தத் தொழிலில் உள்ள வழக்கம். கரையில் அந்தக் கடைக்கென்று தயாரித்தது என ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அசல்தான், அடித்துணி வேறு. பெயரை நம்பி எடை பார்க்காமல் விடுவதால் வரும் சங்கடம் இது.

தானின் அட்டை நுனியில் ஒட்டியிருக்கும் லேபிளையும் முழுக்க நம்ப வேண்டாம். மிச்சத் துணியை வேறு அட்டையில் சுற்றி வைத்துவிடுவார்கள். லேபிளில் உள்ள பெயரும் கரையில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும்.

மூன்றாவது சங்கதிக்குத் துணியைத் திருப்பினாலே போதும். மெழுகிட்டுச் சாயத்தில் முக்கிய பாட்டிக் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தத்தில் இருக்கும். பாட்டிக் மாதிரி அச்சடித்தது பின்னால் வெளிறும். சாய நூலில் நெய்த கட்டத்தில் கோடு இழையை விட்டு விலகவே விலகாது, ஒரு நூலை உருவினால் அது நீளம் முழுக்க ஒரே நிறத்தில் வரும். அச்சுக் கட்டத்தில் உருவிய நூல் துண்டு துண்டாக நிறம் மாறும்.

எல்லாம் தைத்து முடிந்தாயிற்று, முதல் துவைப்பில் சாயம் பரவிவிட்டது

காயவிடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். சூட்டில் காய்ந்தால் பரவிய சாயத்தை எடுப்பது கடினம். பெரிய தொட்டியிலோ மேலே திறக்கும் மெஷினிலோ, கை பொறுக்காத அளவு சூடான, ஏறக்குறைய 60 டிகிரி தண்ணீர் நிறைத்து, பாத்திரம் கழுவும் திரவம் அரைக் கப் கலந்து, குவில்ட்டை முழுக்க மூழ்க வையுங்கள். எந்த மூலையும் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கக் கூடாது. மேலே நின்ற இடத்தில்தான் சாயம் ஊறி ஏறிக் கோடு விழும். குவில்ட்டின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே வைத்திருக்கும் மெத்தை அடுக்கு (பேட்டிங்) கம்பளி என்றால் இந்தச் சூடு ஆகாது, சுருங்கிக் கெட்டியாகிவிடும். காட்டன், பாலியஸ்டர் பேட்டிங்குக்குப் பயமில்லை.

பன்னிரண்டு மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். தண்ணீர் ஆறுவதைப் பற்றிக் கவலை வேண்டாம், பரவிய சாயம் தண்ணீருக்குள் மிதந்துகொண்டிருக்க நிறையத் தண்ணீரும் சோப்பும் இருந்தால் சரி. காலையில் தண்ணீர் நிறமாக இருந்தால் கொட்டிவிட்டு, புதுச் சுடுதண்ணீர், புதுச் சோப்பு, மறுபடி ஊறல். தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை இதையே செய்யுங்கள். மூன்று நான்கு சுற்று ஆவது சாதாரணம். கடைசியில் சாயம் பிடிக்கும் ஷீட் இரண்டு போட்டு மெஷினில் ஒருமுறை அலசி, அந்த ஷீட் வெள்ளையாக வெளியே வந்தால் மட்டும் நிழலில் விரித்துக் காயவையுங்கள்.